நீலமும் மஞ்சளும் கலந்த அந்தத் துப்புரவு மீன்: களவாவின் வாய்க்குள் போய்விட்டுத் திரும்பி வருவது எப்படி?

#1 | உப்புக்காற்று

வணக்கம் நண்பர்களே. போன வாரம் ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு நாலு மீட்டர் ஆழமுள்ள ஒரு பவளத்திட்டின் மேல் மிதந்தேன். திட்டு முழுவதையும் சுற்றிப் பார்க்கத்தான் இறங்கினேன். ஆனால் ஒரே ஒரு பாறையை விட்டு நகர முடியவில்லை. நாற்பது நிமிடம் அங்கேயே கிடந்தேன்.

பாறையின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு மீன். முகத்துப் பக்கம் வெளிர் மஞ்சள், வால் பக்கம் போகப் போக நல்ல நீலம். மூக்கு நுனியில் கிளம்பும் ஒரு கறுப்புக் கோடு கண்ணைக் கடந்து வால்வரை ஓடுகிறது. தொடக்கத்தில் நூல் மாதிரி இருப்பது, வாலுக்கு வரும்போது பட்டையாக அகன்றுவிடுகிறது. அது நேராக நீந்தவும் இல்லை. பின்பாதியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, துள்ளித் துள்ளி வந்தது.

அப்புறம் என் முழங்கை நீளத்துக்கு ஒரு களவா வந்து பாறைக்கு முன்னால் அசையாமல் நின்றது. வாயைத் திறந்தது, செவுள் மூடியையும் விரித்தது. இந்தப் பொடிசு நேராக வாய்க்குள் போய்விட்டது! அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். சில விநாடி கழித்துச் செவுள் வழியாக வெளியே வந்து கன்னத்தைக் கொத்த ஆரம்பித்தது. கடைசியில் களவா உடம்பை ஒருமுறை சிலிர்த்தது. சின்னது உடனே விலகிக்கொண்டது. களவா மெதுவாகப் போய்விட்டது.

இது என்ன மீன்? களவா ஏன் விழுங்கவில்லை? அதே பாறையின் அடியில் இன்னும் சின்னதாக ஒன்று இருந்தது, உடம்பு முழுக்கக் கறுப்பு, முதுகில் மட்டும் மின்னுகிற நீலக் கோடு. அதுவும் வரும் போகும் மீன்களைக் கொத்திக்கொண்டிருந்தது. அது வேறு இனமா?

#2 | பவளப்பூ

நீங்கள் பார்த்தது ப்ளூஸ்ட்ரீக் கிளீனர் ராஸ். அறிவியல் பெயர் லாப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ். கறுப்புக் குட்டியும் அதே இனம்தான், வயதுதான் குறைவு. குஞ்சாக இருக்கும்போது உடம்பு கறுப்பு, முதுகோரமாக ஒரு நீலக் கோடு. வளர வளர நீலம் பரவும், கறுப்பு சுருங்கி நடுக்கோடாக நிற்கும், முன்பக்கம் மஞ்சள் அல்லது வெள்ளை ஏறும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள் ஒரே மீன் என்று நம்ப மாட்டார்கள்.

முழு வளர்ச்சி அதிகபட்சம் 14 சென்டிமீட்டர். பெரும்பாலும் பத்துக்குள்தான் கண்ணில் படும். வாய் முகத்தின் நுனியில், சின்னதாக, தடித்த உதட்டோடு இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ராஸ் குடும்பத்துக்கே உரிய பழக்கம் ஒன்றும் இதற்கு உண்டு. சாதாரணமாக நீந்தும்போது வாலை அதிகம் வீசாது, மார்புத் துடுப்பை மட்டும் துடுப்புப் போடுகிற மாதிரி அடித்துப் போகும். நீங்கள் பார்த்த துள்ளல் வேறு சமாசாரம். அது அழைப்பு. 'நான் இங்கே இருக்கிறேன், வா' என்று மற்ற மீன்களுக்குச் சொல்வது.

செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் தொடங்கி, இந்தியப் பெருங்கடல் முழுக்க, பசிபிக் தீவுகள் வரை இது இருக்கிறது. வடக்கே தெற்கு ஜப்பான்வரை போகும். ஹவாயில் மட்டும் இந்த இனம் கிடையாது, அங்கே இதன் பங்காளி ஒன்று இருக்கிறது, ஊதாவும் மஞ்சளுமாக. மொத்தம் ஐந்து இனங்கள் இந்த லாப்ராய்டிஸ் பேரினத்தில்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. நீலமும் மஞ்சளும் அழகுக்காகச் சேர்ந்தவை அல்ல. பவளத்திட்டின் பின்னணியில் மீன்களின் கண்ணுக்கு எந்த நிறம் எடுப்பாகத் தெரியும் என்று 2009-இல் கேரன் செனியும் அலெக்ஸாண்ட்ரா குரட்டரும் மற்றவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திட்டின் பின்னணியில் நீலமும், கறுப்புக் கோட்டை ஒட்டி மஞ்சளும்தான் தனித்துத் தெரிகின்றன. கடைக்குப் பலகை மாட்டுவதுபோல இந்த மீன் உடம்பையே பலகையாக்கி வைத்திருக்கிறது.

#3 | ஆழ்நீர்

களவா ஏன் விழுங்கவில்லை என்பதற்கு நான் பதில் சொல்கிறேன்.

திட்டு மீன்களுக்கு ஓயாத தொல்லை ஒன்று உண்டு. நத்தீட் என்று ஒரு பூச்சி, ஐசோபாட் வகை (நண்டு, இறாலுக்குத் தூரத்து உறவு), எள்ளளவுதான் இருக்கும். அதன் குஞ்சுகள் தரையில் கிடந்து, கிடைத்த மீனின்மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிப் போகும். மீனுக்குக் கை கிடையாது, சொறிந்துகொள்ள முடியாது. மணலிலோ பாறையிலோ உரசிப் பார்க்கலாம், செவுளுக்குள் ஏறியதை என்ன செய்வது?

அதை எடுத்துத் தின்பதுதான் கிளீனர் ராஸின் பிழைப்பு. ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் குரட்டர் கணக்கெடுத்து 1996-இல் எழுதினார்: ஒரே மீன் ஒரு நாளில் சராசரியாக 2297 தடவை மற்ற மீன்களைப் பரிசோதிக்கிறது, 1218 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. பொழுது விடிந்து பொழுது சாயும்வரை வேலை. நீங்கள் நாற்பது நிமிடம் பார்த்தீர்கள் அல்லவா, அந்த நேரத்தில் எத்தனை மீன் வந்து போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதை ஒரு வாய்க்கு விழுங்கினால் களவாவுக்கு ஒரு வேளைப் பசிகூட அடங்காது. விட்டுவைத்தால் நாளைக்கும் செவுள் சுத்தமாகும். களவா மட்டும் இல்லை, அஞ்சாளையின் வாய்க்குள்ளும் இது போய் வரும். கொம்புத் திருக்கைகூட ஆழத்திலிருந்து வந்து இதன் பாறைக்கு மேல் வட்டமடிக்கும். கடைசியில் களவா சிலிர்த்தது என்றீர்கள், அது 'போதும், விலகு' என்ற சைகை. பெரிய மீன்கள் வாயை மூடுவதற்கு முன்னால் அப்படி ஒரு தடவை அசைந்து காட்டும்.

#4 | தென்றல்வழி

படிக்கவே ஆனந்தமாக இருக்கிறது. ஒருவருக்கொருவர் உதவி செய்து வாழ்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய மீன்.

#5 | ஆழ்நீர்

தென்றல்வழி, தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கள், அது இன்னும் நன்றாக இருக்கும்.

இந்த மீனுக்கு உண்மையில் ரொம்பப் பிடித்தது ஒட்டுண்ணி இல்லை. மீனின் உடம்பைப் போர்த்தியிருக்கும் அந்த வழவழப்புப் படலம். குரட்டரும் ரெடுவான் ப்ஷாரியும் 2003-இல் தட்டில் இரண்டையும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, இது கிளிமீனின் வழவழப்பைத்தான் முதலில் தேடிப் போனது. ஆனால் அந்தப் படலம் வாடிக்கை மீனுக்குத் தேவையான ஒன்று. அதைக் கடித்து எடுத்தால் வலிக்கும், காயமும் படும். ஆக, ஒவ்வொரு தடவையும் இந்த மீனுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. பூச்சியை எடுத்து நேர்மையாக நடக்கலாம், அல்லது ஒரு வாய் வழவழப்பைத் திருடலாம்.

திருடுகிறது. அடிக்கடி திருடுகிறது. அடுத்த முறை இறங்கும்போது வந்து நிற்கிற மீன்களை மட்டும் கவனியுங்கள். நின்றுகொண்டிருக்கும் மீன் திடீரென்று வெடுக்கென ஒரு குலுக்குக் குலுக்கும். அது கடி வாங்கியதன் அடையாளம். அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்பது வந்தது யார் என்பதைப் பொறுத்தது. அந்தப் பாறையை விட்டு நகராத சின்ன டாம்செல் மீன் என்றால், வேறு கடைக்குப் போக வழி கிடையாது. அது திரும்பித் துரத்தும். தூரத்துக்குச் சுற்றித் திரியும் பெரிய மீன் என்றால் துரத்தாது, எழுந்து போய்விடும், அடுத்த தடவை வேறு பாறையில் நிற்கும். களவா மாதிரி வேட்டை மீன்களிடம் இது வாலாட்டுவதே இல்லை. அங்கே தவறு செய்தால் திரும்ப வர முடியாது.

இதையெல்லாம் அந்தச் சின்னத் தலை கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஊர்சுற்றி மீனும் பக்கத்து வீட்டு மீனும் ஒரே நேரத்தில் வந்து நின்றால், ஊர்சுற்றிக்குத்தான் முதல் கவனிப்பு. காத்திருக்க வைத்தால் அது போய்விடும், பக்கத்து வீட்டுக்காரர் எங்கே போவார்?

#6 | உப்புக்காற்று

ஆழ்நீர் சார், இதைப் படித்ததும் என் வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு கிளிமீன் தலைகீழாக, வால் மேலே தூக்கியபடி நிற்கிறது. கிளீனர் அதன் விலாவில் ஏதோ செய்கிறது. வெடுக்கென ஒரு குலுக்கு! அப்படியே நீங்கள் சொன்னது. கிளிமீன் நகரப் பார்க்கிறது. உடனே இது அதன் முதுகுமேல் ஏறி, முகத்தை வெளியே நீட்டியபடி, துடுப்புகளால் படபடவென்று தடவிக் கொடுக்கிறது. ஏழெட்டு விநாடி. கிளிமீன் நின்றுவிட்டது. இது என்ன?

#7 | ஆழ்நீர்

அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள். அதுதான் சமாதானம்.

இடுப்புத் துடுப்பாலும் மார்புத் துடுப்பாலும் முதுகை நீவி விடும். அந்த நேரத்தில் வாய் வெளிப்பக்கம் பார்த்திருப்பதால் எதையும் தின்ன முடியாது. அதாவது தன் சாப்பாட்டு நேரத்தைச் செலவழித்துத் தடவிக் கொடுக்கிறது. எப்போது செய்கிறது தெரியுமா? கடித்த பிறகு போகப் பார்க்கும் மீனை நிறுத்த, நிற்கத் தயங்கும் மீனை நிற்க வைக்க, வேட்டை மீன் வந்தால் எடுத்த எடுப்பிலேயே.

தடவுவதால் அந்த மீனுக்கு என்ன லாபம் என்று மார்த்தா சோரெஸ் குழுவினர் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். சர்ஜன் மீன் இருந்த தொட்டியில் கிளீனர் ராஸ் மாதிரி ஒரு பொம்மையை வைத்து அசைய விட்டார்கள். அசையும் பொம்மையிடம் போய் உடம்பை உரசிக்கொண்ட மீன்களின் ரத்தத்தில் பதற்றத்தின்போது சுரக்கும் கார்டிசால் குறைந்திருந்தது. அங்கே பூச்சி எடுக்க யாரும் இல்லை, வெறும் தொடுகை மட்டும்தான்.

#8 | கண்ணாடித்தொட்டி

நான் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

மூன்று வருடம் முன்னால் என் கடல்நீர்த் தொட்டியில் ஒரு டாங்கு மீனுக்கு (சர்ஜன் மீன் வகை) வெள்ளைப் புள்ளி நோய் வந்தது. விற்றவர், 'ஒரு கிளீனர் ராஸ் போடுங்கள், புள்ளியையெல்லாம் எடுத்துவிடும்' என்றார். போட்டேன். முதல் வாரம் அவ்வளவு சந்தோஷம். டாங்கு அதற்கு முன்னால் போய்த் துடுப்பை விரித்து நிற்கும், இது சுற்றிச் சுற்றி வேலை செய்யும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம்.

புள்ளி போகவில்லை. அந்தக் கிருமி தோலுக்குள் புதைந்து கிடப்பது, இது கொத்தி எடுக்கும் பொருளே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, இதற்குத் தின்ன ஒன்றும் இல்லை. நாலு மீன் இருக்கிற தொட்டியில் எத்தனை பூச்சி இருந்துவிடும்? உறைய வைத்த இறாலை நறுக்கிப் போட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் மேலிருந்து பார்த்தால் முதுகு கத்தி மாதிரி ஒடுங்கியிருந்தது. வயிறு உள்வாங்கிவிட்டது. பசியில் டாங்கைத் துரத்தித் துரத்திக் கொத்தியது, டாங்கு பாறைக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தது. ஆனால் அந்த நிலையிலும் என் கை தண்ணீருக்குள் போனால் வந்து, அந்தத் துள்ளலைத் துள்ளிக் காட்டும். 'வா, செய்து விடுகிறேன்' என்று. ஒரு காலையில் பம்ப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

இங்கே யாராவது தொட்டி வைத்திருந்தால், தயவு செய்து வாங்காதீர்கள்.

#9 | பவளப்பூ

எழுதியதற்கு நன்றி, கண்ணாடித்தொட்டி. நிறையப் பேருக்கு நடப்பதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. சிலரிடம் இது நறுக்கிய இறாலுக்குப் பழகிப் பல வருடம் இருந்ததும் உண்டு. அந்த ஒன்றிரண்டைக் காட்டித்தான் மற்றவை விற்கப்படுகின்றன.

தொட்டியில் துப்புரவைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நியான் கோபி இருக்கிறது. அட்லாண்டிக் பக்கத்து மீன், பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தது கிடைக்கும், போட்ட தீனியைத் தின்னும். ஸ்கங்க் கிளீனர் இறாலும் நல்ல துணை.

ஆனால் எனக்கு இதில் பெரிய வருத்தம் தொட்டியைப் பற்றியது இல்லை, திட்டைப் பற்றியது. லிசர்ட் தீவில் சில சின்னத் திட்டுகளிலிருந்து கிளீனர் ராஸை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை எல்லாம் அப்படியே விட்டு, எட்டரை வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2011-இல் வந்தது. அங்கேயே குடியிருக்கும் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதம் குறைவு. இன வகைகள் 23 சதவீதம் குறைவு. இருந்த டாம்செல்களும் அளவில் சின்னதாகிவிட்டன. வெளியிலிருந்து வந்து போகும் மீன்களும் குறைந்தன. ஒரு திட்டுக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும் விரல் நீள மீன் அது. அதைப் பிடித்துத் தொட்டிக்கு அனுப்புகிறோம்.

#10 | நடுச்சாமம்

இரவு முக்குளிப்பு அதிகம் போகிறவன் என்பதால் ஒன்று கேட்கிறேன். ராத்திரி இந்த மீன் கண்ணிலேயே படுவதில்லையே?

#11 | பவளப்பூ

பகல் வேலைதான் அதற்கு. இருட்டியதும் பாறை இடுக்கில் ஒதுங்கிவிடும். ஆனால் நத்தீட் தூங்காது. ராத்திரிதான் திட்டு மீன்களுக்கு ஆபத்தான நேரம்.

கிளிமீன் தூங்கும்போது தன்னைச் சுற்றி ஒரு கண்ணாடிப் பை மாதிரி வழவழப்பை ஊதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, நடுச்சாமம்? டார்ச் வெளிச்சத்தில் தெரியும், அதன்மேல் மணல் துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அது எதற்கு என்று பல காலம் பலவிதமாகச் சொன்னார்கள். 2011-இல் குரட்டர் குழுவினர் பையோடும் பை இல்லாமலும் தூங்கும் கிளிமீன்களை நத்தீட்டுகளோடு விட்டுப் பார்த்தார்கள். பை இல்லாத மீன்களைத்தான் பூச்சி மொய்த்தது. ஆக, அது கொசுவலை. அவர்களே அந்தச் சொல்லைத்தான் தலைப்பில் வைத்தார்கள். பகலில் கிளீனர், ராத்திரி வலை.

#12 | நடுச்சாமம்

நூறு தடவையாவது அந்தப் பையைப் பார்த்திருப்பேன். இனிமேல் வேறு கண்ணோடு பார்ப்பேன். நன்றி.

#13 | மூன்றாம்துடுப்பு

குடும்ப வாழ்க்கையை யாரும் சொல்லவில்லையே. எனக்கு இந்த மீனில் ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

ஒரு பெரிய ஆண், அதன் ஆளுகைக்குள் சில பெண்கள். பெண்களுக்குள் உடம்பின் அளவை வைத்து வரிசை. பிறக்கும்போது எல்லாமே பெண்தான். ஆண் செத்துப்போனால் என்ன ஆகும்? டி. ஆர். ராபர்ட்சன் ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் ஆண்களை எடுத்துவிட்டுப் பார்த்து 1972-இல் எழுதினார். வரிசையில் முதலில் இருக்கும் பெண், ஓரிரு மணி நேரத்திலேயே ஆண் மாதிரி நடக்க ஆரம்பிக்கிறது. எல்லையைச் சுற்றி வருகிறது, மற்ற பெண்களை அதட்டுகிறது. இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக, 14 முதல் 18 நாளுக்குள் உண்மையிலேயே ஆணாகி விந்து உற்பத்தி ஆகிவிடுகிறது. வெளித்தோற்றத்தில் ஒரு மாற்றமும் கிடையாது, அதனால் ஆண் பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பெரிதாக இருப்பது ஆண், அவ்வளவுதான்.

திரும்பியும் போகும். ஜப்பானில் குவாமுரா குழுவினர் 2002-இல் காட்டினார்கள். துணையை இழந்த ஆண் இன்னொரு பெரிய ஆணோடு சேர நேர்ந்தால், சின்னது மறுபடி பெண்ணாகிவிடுகிறது.

ஆழ்நீர் சொன்ன திருட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இரண்டு பேர் ஜோடியாக ஒரு வாடிக்கையைக் கவனிக்கும்போது, பெண் கடித்துவிட்டால் பெரிய மீன் போய்விடும், ஆணுக்கும் சாப்பாடு போய்விடும். அப்போது ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தித் தண்டிக்கும். நிக்கோலா ரைஹானி, குரட்டர், ப்ஷாரி மூவரும் 2010-இல் இதைத் தட்டு வைத்துச் சோதித்தார்கள். தண்டனை வாங்கிய பெண் அடுத்த தடவை அடங்கி நடக்கிறது. பின்னால் செய்த ஆய்வில் தெரிந்தது, தன் அளவை எட்டிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஆண் இன்னும் கண்டிப்பாக இருக்கிறது. அது நிறையத் தின்றால் வளர்ந்துவிடும், வளர்ந்தால் அதுவும் ஆணாகலாம்.

#14 | தென்றல்வழி

ஆழ்நீர், மூன்றாம்துடுப்பு இருவருக்கும் ஒரு கேள்வி. கணக்குப் போடுகிறது, தண்டிக்கிறது, சமாதானம் செய்கிறது என்கிறீர்கள். ஒரு மீனுக்கு அவ்வளவு அறிவு என்று எப்படிச் சொல்ல முடியும்? பழக்கத்தில் தானாக நடக்கலாம் அல்லவா?

#15 | ஆழ்நீர்

நல்ல கேள்வி. மீன் மனதுக்குள் என்ன நினைக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. என்ன செய்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு சோதனை: இரண்டு தட்டில் ஒரே உணவு. ஒரு தட்டு எப்போதும் அங்கேயே இருக்கும். இன்னொன்றை நீ முதலில் தொடாவிட்டால் எடுத்துவிடுவார்கள். போகப்போகும் தட்டை முதலில் தின்றால் இரண்டும் கிடைக்கும். இது அப்படியே ஊர்சுற்றி மீன், பக்கத்து வீட்டு மீன் கணக்குதான். 2012-இல் வந்த முடிவில், வளர்ந்த கிளீனர் ராஸ்கள் இதைக் கற்றுக்கொண்டன. கபுச்சின் குரங்கும் ஒராங்குட்டானும் சிம்பன்சியும் பெரும்பாலும் தடுமாறின. கிளீனர் குஞ்சுகளும் வளர்ந்தவை அளவுக்குச் செய்யவில்லை. அதாவது, வாழ்ந்து கற்றுக்கொள்வதும் இதில் இருக்கிறது.

அப்புறம், யாராவது பார்க்கிறார்களா என்பதையும் கவனிக்கிறது. அடுத்த வாடிக்கை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் மீனும், சண்டை இல்லாமல் வேலை நடக்கும் கடைக்குத்தான் போகிறது. இது 2006-இல் நேச்சர் இதழில் வந்தது.

#16 | பவளப்பூ

ஆழ்நீர், கண்ணாடி விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். தென்றல்வழி கேட்பதற்கு அது நேரடியாகத் தொடர்புள்ளது.

சரி, நானே சொல்கிறேன். ஒசாகாவில் மசனோரி கோடா குழுவினர் தொட்டிக்குள் கண்ணாடி வைத்தார்கள். முதலில் பிம்பத்தோடு சண்டை. சில நாளில் சண்டை நின்று, கண்ணாடி முன்னால் தலைகீழாக நீந்துவது மாதிரி விநோதமான அசைவுகள். அப்புறம் வெறுமனே பார்ப்பது. அந்தக் கட்டத்தில் தொண்டைக்குக் கீழே, கண்ணாடி இல்லாமல் பார்க்கவே முடியாத இடத்தில், தோலுக்கடியில் பழுப்பு நிறப் புள்ளி வைத்தார்கள். நாலில் மூன்று மீன்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கீழே போய்த் தொண்டையைத் தரையில் உரசின. நிறமில்லாத புள்ளி வைத்தபோது உரசவில்லை. நிறப்புள்ளி இருந்தும் கண்ணாடி இல்லாதபோது உரசவில்லை. 2019-இல் வெளியானது.

பெரிய சர்ச்சை ஆனது. நாலு மீன் போதுமா என்றார்கள். 2022-இல் இன்னும் பல மீன்களோடு திரும்பச் செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, நீலம், பச்சைப் புள்ளிகளை மீன் கண்டுகொள்ளவில்லை. பழுப்பு மட்டும்தான். ஏனென்றால் பழுப்புப் புள்ளி ஒட்டுண்ணி மாதிரி இருக்கிறது.

#17 | தென்றல்வழி

அப்படியென்றால் அது தன்னை அடையாளம் கண்டது என்று சொல்ல முடியாதே? பூச்சி மாதிரி ஒன்றைப் பார்த்தால் உரசுவது அதன் இயல்பாக இருக்கலாம்.

#18 | பவளப்பூ

யோசிக்க வேண்டிய மறுப்புதான். ஆனால் இன்னொரு மீனின் தொண்டையில் அதே மாதிரிப் புள்ளியைப் பார்த்தால் அது தன் தொண்டையை உரசுவதில்லை. தன் பிம்பத்தில் பார்த்தால்தான் உரசுகிறது. 2023-இல் புகைப்படத்தை வைத்துச் செய்தார்கள். கண்ணாடி பார்த்துப் பழகிய மீன், அந்நிய மீனின் படத்தைத் தாக்கியது, தன் படத்தைத் தாக்கவில்லை. அந்நிய உடம்பில் தன் முகத்தை ஒட்டிய படத்தையும் தாக்கவில்லை. முகத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது.

'நான்' என்ற எண்ணம் அதற்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால், அங்கே நானும் உங்களோடு நின்றுகொள்கிறேன். ஆனால் வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் உடம்பில் புள்ளியைத் தேடிப் பிழைக்கும் ஒரு மீனிடம், உன் உடம்பில் ஒரு புள்ளி இருக்கிறது என்று காட்டுவதைவிடப் பொருத்தமான கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது.

#19 | தென்றல்வழி

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். மீதியைப் பற்றி இன்னும் சந்தேகம் இருக்கிறது, இருக்கட்டும்.

#20 | மூன்றாம்துடுப்பு

உப்புக்காற்று மறுபடி இறங்கப் போகிறார் என்றால் ஒரு எச்சரிக்கை. நீங்கள் பார்ப்பதெல்லாம் கிளீனர் ராஸ் ஆகாது. அதே நிறம், அதே கோடு, அதே துள்ளலோடு ஒரு பிளெனி மீன் உண்டு. ஆஸ்பிடோன்டஸ் டீனியேட்டஸ். போலித் துப்புரவாளர் என்று சொல்லலாம். குஞ்சுப் பருவத்து வேஷம்கூடத் தனியாகப் போடும்.

பவளப்பூ முதலிலேயே வாயை நினைவில் வைக்கச் சொன்னார். அசல் கிளீனருக்கு வாய் முகத்தின் நுனியில். போலிக்கு மூக்குக்குக் கீழே, சுறாவுக்கு இருப்பதுபோல அடிப்பக்கம் ஒதுங்கியிருக்கும். முதுகுத் துடுப்பும் தலைக்குப் பின்னாலிருந்தே நீளமாக ஆரம்பிக்கும். ஏமாந்து நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும் என்பது பிரபலமான கதை. உண்மைதான். ஆனால் வளர்ந்த போலிகள் பெரும்பாலும் தின்பது குழாய்ப் புழுக்களையும் மற்ற மீன்களின் முட்டைகளையும். வேஷம் திருடுவதற்கு மட்டும் இல்லை. கிளீனர் மாதிரி இருந்தால் யாரும் பிடித்துத் தின்ன மாட்டார்கள், அந்தப் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கிறது.

#21 | ஆழ்நீர்

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லிசர்ட் தீவில் 2014, 2015 புயல்களுக்கும் 2016 பவள வெளிறலுக்கும் (கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போவது) பிறகு கிளீனர் ராஸ் எண்ணிக்கை ஏறக்குறைய 80 சதவீதம் விழுந்தது. அதற்குப் பிறகு அங்கே சோதித்தபோது, மிச்சமிருந்தவை நான் மேலே சொன்ன தட்டுச் சோதனையில் முன்பு மாதிரி செய்யவில்லை. பார்வையாளர் இருக்கிறார் என்று அடக்கி நடப்பதும் குறைந்திருந்தது. கடைகள் நிறைய, வாடிக்கை நிறைய, போட்டி நிறைய இருக்கும் திட்டில்தான் இந்த மீன் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கற்றுக்கொள்கிறது. திட்டு பாழானால் மீனின் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை, அந்த நடத்தையும் சேர்ந்து போகிறது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

#22 | உப்புக்காற்று

மன்னிக்கவும், ஒரு வாரமாக எழுத முடியவில்லை. நேற்று திரும்பப் போனேன். அதே பாறை.

முதலில் ஜோடியைக் கண்டுபிடித்தேன். ஒன்று மற்றதைவிட விரல் நகம் அளவுக்குப் பெரிது. பெரிதுதான் சுற்றி வந்துகொண்டே இருந்தது, ஒரு தடவை சின்னதைப் பாறையின் மறுபக்கம்வரை துரத்தியது. எதற்காக என்று நான் பார்க்கத் தவறிவிட்டேன், கண் அப்போது ஒரு நவரை மீனின் மேல் இருந்தது. அது வந்து நின்றதும் உடம்பு முழுக்கச் செக்கச் சிவந்துவிட்டது. முதலில் காயமோ என்று பயந்தேன். துப்புரவு முடிந்து போகும்போது வெளிறி, பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

குலுக்கலை எண்ணினேன். கால் மணி நேரத்தில் பதினொன்று. ஒன்பது தடவை டாம்செல்கள். களவா ஒரு தடவை வந்தது, அதற்கு ஒரு குலுக்கும் இல்லை, வந்த உடனே முதுகில் தடவல்தான்.

கறுப்புக் குட்டி இன்னும் அதே இடுக்கில் இருக்கிறது. முன்பைவிட நீலம் கொஞ்சம் அகலமாகிவிட்ட மாதிரி தோன்றியது. பழைய வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில், பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி, தனியாக ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. நிறம் சரி, கோடு சரி. ஆனால் அதற்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. மூன்றாம்துடுப்பு சொன்னது ஞாபகம் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போனேன். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தேன். வாய் மூக்குக்கு அடியில் இருந்தது. என்னை ஒரு விநாடி பார்த்தது, பிறகு வாலை முதலில் உள்ளே விட்டு, பின்னோக்கியே ஒரு புழுக் குழாய்க்குள் போய், முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது.